பழனாத்தாளின் நாற்பது நிமிடம்

"நேரமில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். காது குத்துக்கு வர நேரமில்லையாம், ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க நேரமில்லையாம், பெற்ற தாய்க்கு ஒரு கடுதாசி போட நேரமில்லையாம். அடேயப்பா, இந்தத் திருப்பூரில் எல்லாருக்கும் அப்படி என்னதான் வேலையோ! நான் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து பனியன் தைப்பவள். பீஸ் ரேட். நான் ஒரு நிமிடம் எழுந்தால் ஒரு பனியன் போச்சு. நானே அந்தச் சொல்லை விட்டுப் பல வருடம் ஆகிறது. என்னை விட வைத்தவள் பழனாத்தாள்.

என் பெயர் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கம். எண்பத்தேழில் வீட்டுக்காரரோடு பிழைக்க வந்து அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். என் மிஷினுக்கு அடுத்தது செக்கிங் டேபிள். தைத்த பனியனில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, நூல் பிசிறு வெட்டும் இடம். தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் காலை அந்த டேபிளில் நெடுநெடுவென்று ஒரு பெண் வந்து நின்றாள். குண்டடத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். தாராபுரத்தில் பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறாள். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை.

"உங்க பேரு என்னங்க்கா?" என்று கேட்டாள்.

"ஒச்சம்மா. உன் பேரு?"

"பழனாத்தாளுங்க்கா."

பன்னிரண்டு படித்தவள் பிசிறு வெட்ட வந்திருக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. கத்தரியைக் கையில் எடுத்தவள் சாயங்காலம்தான் கீழே வைத்தாள்.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் கம்பெனிக்கு ஃபேக்ஸ் மிஷின் வந்தது. சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து, தேங்காய் உடைத்து, முதலாளி ஆறுச்சாமி அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிளக்கைச் சொருகினார். நல்ல மனிதர். காடு கழனி வேலையிலிருந்து வந்தவர். கம்பெனிக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு காங்கேயம் காளைகளைக் கட்டி வைத்திருந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தே நூலின் நம்பரைச் சொல்லிவிடுவார். இங்கிலீஷ்தான் அவரிடம் வரவில்லை. அதற்கென்று ஆபீசில் ஒரு கிளார்க் இருந்தான். வேறு கம்பெனியில் கூடுதலாகத் தருகிறார்கள் என்று அவன் ஒரே நாளில் ஓடிவிட்டான். அன்றைக்கென்று பார்த்து ஃபேக்ஸ் மிஷின் கீச்சுக் கீச்சென்று கத்தி ஒரு பேப்பரைத் துப்பியது.

முதலாளி அதைக் கையில் பிடித்துக்கொண்டு தையல் ஹாலுக்கு வந்தார். "ஏனுங்க, இங்க யாருக்காச்சும் இங்கிலீசு படிக்கத் தெரியுமுங்களா?"

எல்லாரும் குனிந்து தையலையே பார்த்தார்கள். நான் பழனாத்தாளின் விலாவில் ஒரு இடி இடித்தேன். "போடி, வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

போனாள். படித்தாள். அனுப்பியவர் திருப்பூரில் பனியன் வாங்கும் ஒரு ஜெர்மனிக்கார அம்மா. பெயர் ஹெல்கா. "ப்ளீஸ் ஃபைண்ட் டைம் டு செண்ட் தி காலர் சாம்பிள்" என்று எழுதியிருந்தது. பழனாத்தாள் தயங்கித் தயங்கி, "நேரத்தைக் கண்டுபுடிச்சு காலர் சாம்பிள் அனுப்பச் சொல்றாங்கங்க" என்றாள்.

"நேரம் எங்க கண்ணு காணாமப் போச்சு, கண்டுபுடிக்கறதுக்கு?" என்றார் முதலாளி. ஹாலே சிரித்தது. ஆனாலும் சாம்பிள் அன்றைக்கே போய்விட்டது. மறுநாளிலிருந்து பழனாத்தாளுக்குக் காலையில் ஆபீசில் ஃபேக்ஸ் வேலை, மற்ற நேரம் செக்கிங். ஆபீசில் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. நின்றபடியே படித்து நின்றபடியே பதில் எழுதுவாள்.

அப்போதுதான் அந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது. ஃபேக்ஸில் நேரத்தைப் பற்றி எது வந்தாலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். மத்தியானம் கட்டிங் வேஸ்ட் மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

"ஒச்சக்கா, இதக் கேளுங்க. 'டேக் யுவர் டைம்'னு சொன்னா, அவசரமில்லை, நிதானமாச் செய்யுன்னு அர்த்தமுங்க. 'பிரெஸ்டு ஃபார் டைம்'னா, நேரம் கழுத்தப் புடிக்குதுன்னு அர்த்தம். 'ஸ்பேர்'ங்கறது, தன்னோட நேரத்துல கொஞ்சம் பிச்சு அடுத்தவங்களுக்குக் குடுக்கறது."

"பிச்சுக் குடுக்க அது என்ன புரோட்டாவா?"

"சிரிக்காதீங்க்கா. இன்னொன்னு இருக்குது. 'மேக் டைம்'. நேரம் இல்லவே இல்லீங்க. ஆனாலும் ஒருத்தருக்காக வேற வேலையத் தள்ளி வெச்சு, இல்லாத நேரத்த உண்டாக்கறாங்க. எவ்வளவு நல்லா இருக்குது பாருங்க்கா!"

அவள் கண் மின்னும். "பீஸ் ரேட்காரிக்கு இதெல்லாம் ஆகாதுடி. மணி அடிச்சிருச்சு, எந்திரி" என்று விரட்டுவேன். உள்ளுக்குள் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் அந்த ஹெல்கா அம்மாவே எங்கள் கம்பெனிக்கு நேரில் வந்தார். ஒரு மணி நேரம் இருப்பேன் என்று முன்னமே ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டில் மாலை. உட்கார்ந்ததும் இளநீர். பிறகு இலை போட்டு நாட்டுக்கோழி வறுவல், அரிசியும் பருப்பும் சாதம், நெய் வடிய ஒப்புட்டு, எங்கள் பக்கம் போளி என்போமே, அது. கொங்கு நாட்டில் வந்தவர் வயிறு நிறையாமல் வேலைப் பேச்சை எடுப்பது மரியாதை இல்லை. அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க, இவர் இன்னொரு ஒப்புட்டை வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் காளைகளைக் காட்டக் கூட்டிப் போய்விட்டார்! கொம்பைத் தடவிக் காட்டினார், திமிலைக் காட்டினார். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அவரைக் காரில் கூட்டி வந்த ஏஜென்ட் அவசரப்படுத்தினார். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சாம்பிள் பனியன்கள் மடிப்புக் கலையாமல் மேசையிலேயே கிடந்தன. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று.

"நல்லாத்தானுங்களே சாப்பிட்டாங்க? என்ன கொறைங்க?" என்று முதலாளி பத்து நாள் புலம்பினார்.

"நாம போட்ட சாப்பாடே அவங்க நேரத்தத் தின்னுடுச்சுங்க்கா" என்று பழனாத்தாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அத அவர்கிட்டப் போய்ச் சொல்லேன்டி!"

"விருந்து வெச்சது தப்புன்னு எப்படீங்க்கா சொல்றது?"

தொண்ணூற்று நான்கு தை மாதம் மறுபடியும் ஒரு ஃபேக்ஸ். ஹெல்கா அம்மா இரண்டு நாள் திருப்பூரில் இருக்கிறார். பதினோரு கம்பெனிகளைப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எங்களுக்கு நாற்பது நிமிடம் ஸ்பேர் பண்ணமுடியும் என்று எழுதியிருந்தார்.

முதலாளி பழனாத்தாளைக் கூப்பிட்டார். ஆபீஸ் வாசலில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. "இங்க பாரு கண்ணு. இந்த ஆர்டர் வந்துதுன்னா ஆபீசுல உனக்கு ஒரு நாற்காலி. இனிமே வெளிநாட்டு வேலை பூராவும் உன்னுது. வரலீன்னா, கோயமுத்தூர்ல இருந்து டிகிரி படிச்ச பையன் ஒருத்தன் திங்கக்கிழமை வர்றான். நீ செக்கிங்குக்கே போயிரு."

அவள் ஃபேக்ஸ் பேப்பரை மடித்தபடி வெளியே வந்தாள். அந்த நாற்காலியை அவள் எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். பொட்டைப் பிள்ளைக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்ட ஊர்க்காரர்கள் முன்னால் அவளுக்கு அது வேண்டியிருந்தது. பிறகு சட்டென்று திரும்பி மறுபடியும் உள்ளே போனாள்.

"ஐயா, இந்தத் தடவ விருந்து வேண்டாமுங்க."

"என்ன பேசற கண்ணு? நம்ம எடத்துக்கு வந்தவிங்கள வெறும் வயித்தோட அனுப்பறதா?"

"அவங்க குடுக்கறதே நாப்பது நிமிசந்தானுங்க. பனியனப் பாக்கறதுக்குத்தானுங்க அது."

சத்தம் போட்டார், மேசையைத் தட்டினார், கடைசியில் முனகிக்கொண்டே, "சரி, இளநி மட்டும்" என்று இறங்கி வந்தார்.

புதன்கிழமை மத்தியானம் பழனாத்தாள் என்னிடம் ஓடி வந்தாள். "ஒச்சக்கா, நீங்கதான் ஹெல்கா. கேட்ல இருந்து நடந்து வாங்க. எத்தன நிமிசம் ஆகுதுன்னு பாக்கோணும்."

"ஆத்தாடி! நான் வெள்ளைக்காரியா? கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்திருக்கியா?"

விடவில்லை. என் வீட்டுக்காரரின் வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஹலோ ஹலோ" என்று கையை ஆட்டிக்கொண்டு கேட்டிலிருந்து வந்தேன். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், கடைசியில் சாம்பிள் மேசை. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று தடவை நடந்தோம். முதல் தடவை ஐம்பத்தொரு நிமிடம், அடுத்தது நாற்பத்து நான்கு, மூன்றாவது முப்பத்தேழு. இரண்டாவது நடையிலேயே சாப்பாட்டு மணி முடிந்து எல்லா மிஷினும் ஓட ஆரம்பித்துவிட்டது. சூப்பர்வைசர் கத்தினார். "கத்துனா கத்தட்டும், வாடி" என்று நானேதான் அவளை மூன்றாவது தடவைக்கு இழுத்துப் போனேன். என் மிஷின் மட்டும் சும்மா கிடந்தது. அன்று தைக்க எனக்குக் கொடுத்த பனியன் கட்டில் பாதிகூட முடியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. பதினோரு மணிக்குக் காரைக் காணோம். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. பழனாத்தாள் கேட்டுக்கும் மேசைக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்திருக்கும். பதினொன்று பதினெட்டுக்குக் கார் வந்தது. இறங்கிய அம்மாவின் கையில் ஒரு ரோஜா மாலை, தோளில் ஒரு பொன்னாடை. முந்தின கம்பெனியிலும் மரியாதை செய்து நேரத்தைத் தின்றிருக்கிறார்கள்! "ஐ ஆம் ஸோ ஸாரி" என்றார். பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பியே ஆக வேண்டுமாம். நாற்பது நிமிடம் இருபத்திரண்டு நிமிடமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அயர்ன் ரூமிலிருந்து கும்மென்று ஒரு வாசம். நாட்டுக்கோழி வறுவல்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இளநி மட்டும் என்று தலையாட்டிய மனிதர், யாருக்கும் தெரியாமல் வீட்டில் சமைத்து, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து, இலையே போட்டு வைத்துவிட்டார். "வாங்க மேடம், வாங்க. ஈட், ஈட்" என்று அந்த அம்மாவை அந்தப் பக்கமாகவே கூட்டிப் போகிறார். பாவம், அந்த அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், இலையைப் பார்க்கிறார், வாயைத் திறக்க முடியாமல் சிரிக்கிறார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

பழனாத்தாள் நாலே எட்டில் போய் அயர்ன் ரூம் வாசலில் குறுக்கே நின்றாள். முதலாளிக்கு முன்னால்! ஹாலில் ஒரு மிஷின் ஓடவில்லை.

"மேடம், யூ ஆர் பிரெஸ்டு ஃபார் டைம்" என்றாள். சாம்பிள் மேசையைக் கையால் காட்டினாள். "ஃபர்ஸ்ட் சாம்பிள்ஸ். ப்ளீஸ் கம்."

"பழனாத்தா!" என்று முதலாளி போட்ட சத்தத்தில் பின்னால் காளைகளே மிரண்டிருக்கும்.

"ஐயா, இந்த இருவத்திரண்டு நிமிசம் முடியட்டுமுங்க. அப்பறம் என்ன வேண்ணாலும் என்னய வையுங்க, கேட்டுக்கறனுங்க."

அந்த அம்மா மாலையைக் கழற்றி ஏஜென்டின் கையில் கொடுத்தார். "தேங்க் காட்" என்றார். விறுவிறுவென்று பழனாத்தாளுக்குப் பின்னால் நடந்தார்.

நாங்கள் பழகிய வழியில் மேசை கடைசி. இவள் அதைத் தலைகீழாக மாற்றி முதலில் மேசைக்கே கூட்டிப் போனாள். அங்கே ஆறு பனியன்கள். பக்கத்தில் கொடியில் இன்னொரு பனியன் தொங்கியது. அதை மட்டும் இவள் தன் வீட்டில் மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டு, துவைக்கும் முன் என்ன அளவு, பின் என்ன அளவு என்று சீட்டு எழுதிக் குத்தியிருந்தாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை, கள்ளி! அந்த அம்மா தன் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். பிறகுதான் பழனாத்தாளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பத்து நிமிடமும் இவளிடம்தான் கேள்வி, இவளிடமிருந்துதான் பதில். கழுத்துப் பட்டி எவ்வளவு இழுக்கும், சாயம் போகுமா, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வரும். இவள் தட்டுத் தடுமாறி எல்லாவற்றுக்கும் சொன்னாள்.

கட்டிங்கைப் பார்த்துவிட்டுத் தையல் ஹாலுக்கு வந்தார்கள். என் மிஷினுக்கு முன்னால் அந்த அம்மா நின்றார்! நான் தைத்த பனியனை எடுத்து, தையலை இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பார்த்தார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. "குட்" என்றார். எனக்கு மூச்சு வருவதற்குள் அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார்.

பதினொன்று முப்பத்தெட்டு. இரண்டு நிமிடம் மீதி! பழனாத்தாள் என்னைப் பார்த்து, "ஒச்சக்கா, தூக்குப் போசி!" என்று கத்தினாள். எனக்குப் புரிந்துவிட்டது. சாப்பாடு கொண்டுவந்த தூக்குவாளிகள் அயர்ன் ரூமில்தான் கிடந்தன. இரண்டு பேரும் உள்ளே பாய்ந்தோம். கோழியை ஒரு போசியில் அள்ளினோம், சாதத்தை இன்னொன்றில். காருக்கு ஓடினோம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தூணோரம் நின்ற முதலாளிக்கு அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. "ஒப்புட்டு வெச்சீங்களா? நெய்யி?" என்று கேட்டுக்கொண்டே அவரும் ஓடி வந்து, வாழை இலையில் ஒப்புட்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக நீட்டினார். பதினொன்று நாற்பதுக்குக் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வந்தவிங்கள நிக்க வெச்சே அனுப்பிப் போட்டியே கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை பழனாத்தாள் தானாகவே செக்கிங் டேபிளுக்கு வந்து கத்தரியை எடுத்தாள். "தப்புப் பண்ணிட்டனாங்க்கா?" என்று கேட்டாள். "வாய மூடுடி. தப்பு பண்ணுனவ மூஞ்சியா இது?" என்று சொன்னேன். ஆனால் எனக்கும் பயம்தான். திங்கட்கிழமை அந்தப் பையன் வந்துவிடுவான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஃபேக்ஸ் மிஷின் கத்தியது. முதலாளியே பேப்பரை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். படிக்க அவளை விட்டால் ஆளில்லை. அவளிடம் நீட்டினார். அவள் மனதுக்குள்ளேயே படித்தாள். மறுபடியும் முதல் வரிக்கே போனாள்.

"சத்தமாப் படிடி, எடுபட்டவளே!" என்று கத்திவிட்டேன்.

"பன்னெண்டாயிரம் பீசுங்க" என்றாள். "ஆர்டர் நமக்குத்தானுங்க!"

ஹால் முழுக்கக் கூச்சல். யாரோ பிசிறை அள்ளி வீசினார்கள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். முதலாளி மட்டும், "கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்குதே, அது என்னங்க?" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். "நெக்ஸ்ட் விசிட், ஐ வில் மேக் டைம் ஃபார் லன்ச்." பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "கோழியும் ஒப்புட்டும் கார்லயே சாப்பிட்டாங்களாமுங்க. ரொம்ப நல்லா இருந்துச்சாமுங்க. அடுத்த தடவ நம்மகூட உக்காந்து சாப்பிடறதுக்குன்னே, இல்லாத நேரத்த உண்டாக்கிட்டு வர்றாங்களாமுங்க."

முதலாளி தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "நமக்காகவா?" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தக் கோயமுத்தூர்ப் பையன வர வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிர்றனுங்க" என்றார். கண்ணு, கண்ணு என்று ஒருமையில் பேசியவர், அவளுக்கு 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான்.

திங்கட்கிழமை அவளுக்கு நாற்காலி போட்டார்கள். சுழலும் நாற்காலி! ஆபீஸ் கண்ணாடி வழியாக ஹாலே எட்டி எட்டிப் பார்த்தது. காலையிலிருந்து ஃபேக்ஸ் மேல் ஃபேக்ஸ், போன் மேல் போன். இனி எங்கே நம் பக்கம் வரப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷம்தான். ஆனாலும் செக்கிங் டேபிள் பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மத்தியான மணி அடித்தது. நான் வேஸ்ட் மூட்டைமேல் உட்கார்ந்து சோற்றுப் போசியைத் திறந்தேன். எதிரே பழனாத்தாள். கையில் கத்தரி. புதன்கிழமையிலிருந்து தேங்கிக் கிடந்த என் கட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு ஓவர்லாக்காரி அந்தக் கட்டின் மீதிப் பனியன்களை என் கணக்கில் தைத்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே பழனாத்தாள் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"ஏய், என்னடி இது? ஆபீசுக்காரி இங்க வந்து பிசிறு வெட்டுற? சாப்புட்டியா?"

"இல்லீங்க்கா. அன்னிக்கு எனக்காக நீங்க மிசினப் போட்டுட்டு நடந்தீங்கல்லங்க்கா?"

"போடி கிறுக்கச்சி. ஃபேக்ஸ் வந்திரும். உனக்கு ஏதுடி நேரம்?"

"நேரம் இல்லீங்க்கா" என்றாள். தலை நிமிரவில்லை. "உண்டாக்கிட்டு வந்தனுங்க."

சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி அவள் வாயில் வைத்தேன். அவள் மென்றுகொண்டே வெட்டினாள். அடுத்த மணி அடிக்கும்வரை நான் ஊட்டிக்கொண்டே இருந்தேன்.